அலைவரிசைக் கங்காணி

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ரஞ்சிதம் ரேடியோ முன்னால் உட்கார்கிறார். ஞாயிற்றுக்கிழமை, தேயிலைக்கு விடுமுறை, விசில் சத்தத்துக்கு ஓடிவர ஓர் ஆள் கிடையாது. இருந்தாலும் அந்தப் பித்தளை விசில் இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டு, காலில் இரண்டு ஜோடி காலுறை, பக்கத்தில் மூடி போட்ட குவளையில் மைலோ. கணினித் திரையில் நீல நிறத்தில் ஓர் அருவி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் மஞ்சளாக விழும் ஒவ்வொரு கோடும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் தட்டி அனுப்பும் சொற்கள். குவளை காலியாகும்வரை ரஞ்சிதம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஓர் எழுத்தும் தட்டமாட்டார். "மொதல்ல யாரு நிக்கிறா, எங்க நிக்கிறான்னு பாக்கணும். பாக்காம விசில் அடிக்கிறவ கங்காணி இல்ல, டிராபிக் போலீசு" என்பது அவர் கொள்கை.

கங்காணி என்றதும் தலைப்பாகையும் பிரம்பும் மீசையும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். ரஞ்சிதம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் வெளிக்காட்டு கங்காணியாக இருக்கிறார். அவர் கையில் பிரம்புக்குப் பதில் ஒரு குடை. விடியற்காலையில் ஸ்டோருக்கு முன்னால் உள்ள திடலில் ஆள்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். இன்றைக்கு அந்தப் பெரட்டில் நிற்பவர்களில் பாதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். பெயர் விழுந்ததும் நிமிர்ந்து நின்று, கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். தமிழாள் "இருக்கேன்" என்பார். மற்றவர்கள் மலாயில் "அடா" என்பார்கள். புதிதாகக் கணக்கெழுத வந்த கிராணி ஒருவர், கங்காணி அம்மாவைப் பார்த்து எல்லாரும் 'அடா' போடுகிறார்களே என்று கொதித்துப் போனாராம். பெயர் சொன்ன மறு நிமிடம் அவரவருக்குக் கொடுத்த தேயிலை நிரைக்குப் போய்விட வேண்டும். திடலிலேயே நின்று கதை பேசுவது ரஞ்சிதத்தின் சட்டத்தில் பெருங்குற்றம்.

இந்தச் சட்டத்தைத்தான் அவர் ஆகாயத்துக்கும் கொண்டுபோனார்.

தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிறவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலோர் மைக்கில் பேசுவார்கள். ரஞ்சிதத்தின் கூட்டம் பேசாது. அவர்கள் கணினியில் தட்டுவார்கள்; கணினி அந்த எழுத்தைச் சீட்டி அடிப்பதுபோன்ற மெல்லிய ராகமாக்கும்; ரேடியோ அதை வானத்தில் வீசும். தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் கம்பம் வரை தாழ்வாகக் கட்டிய ஒரு கம்பிதான் ஏரியல். அதிலிருந்து நேராக மேலே போகிற அலை மழைபோல் திரும்பிக் கீழே விழுவதால், நடுவே எத்தனை மலை நின்றாலும் கவலையில்லை. விழுந்த இடத்தில் இன்னொரு கணினி அதைக் கால் நிமிடத்துக்கு ஒரு துண்டாக மறுபடி எழுத்தாக்கிவிடும். எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழோ மலாயோ எது வருமோ அது. இதற்கு ஹேன்போனில் ஒரு குழு போதாதா என்று கேட்டால் ரஞ்சிதம் கோபப்பட மாட்டார். "கேக்கலாம் லா. தூண்டில் போட்டு ஒக்காந்திருக்கிறவன்கிட்ட மார்க்கெட்டுல மீனு கெடைக்குதேன்னும் கேக்கலாம்" என்பார்.

சிக்கல் எங்கே என்றால், எல்லாரும் ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க ஒரு பொது இடம் வேண்டும். அதற்கென்று ஓர் அழைப்பு அலைவரிசை இருக்கிறது. அங்கே கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் பக்கத்தில் காலியாக உள்ள அலைவரிசைக்கு நகர்ந்து ஆசை தீரப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது மரியாதை. யார் நகர்கிறார்கள்? கல்யாண வீட்டு வாசலில் செருப்புக் குவிந்த மாதிரி எல்லாரும் அங்கேயே குவிந்து கிடப்பார்கள். சக்தி அதிகம் உள்ளவன் கோடு தடித்துப் பரவும். சின்ன ரேடியோக்காரன் எழுத்து அதனடியில் நசுங்கிப்போகும். ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டுப் பார்த்தார்கள், விதியை எடுத்து நீட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய், தோட்டத்தில் கத்துகிற வேகத்தில் ரஞ்சிதம் 'பெரட்டு' என்று தட்டிவிட்டார். 'பேரு சொல்லிட்டு நெரைக்குப் போ' என்றும் சேர்த்தார். தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்த தமிழர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஈப்போவிலுள்ள சீன ஆசிரியரும் குவாந்தானில் ஓய்வுபெற்ற மலாய்க்காரர் ஒருவரும் இது என்ன சொல் என்று கேட்டார்கள், விளக்கினார். இப்போது அவர்களும் ஞாயிறு காலையில் 'கங்காணி, பெரட்டு எப்போது' என்றுதான் கேட்கிறார்கள்.

அவர் அந்தக் கூட்டத்தை நடத்துகிற அழகை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தோட்டத்தில் தூரத்து மலைக்கு நடக்க வேண்டியவர்கள் பெயரை முதலில் கூப்பிட்டு அனுப்புவது வழக்கம். இங்கேயும் அப்படித்தான், மெலிந்த கோடு எதுவோ அதற்கு முதல் மரியாதை. சத்தமாக வருகிறவர்கள் காத்திருக்க வேண்டும். ஒலியை அளவுக்கு மீறி ஏற்றி அக்கம்பக்கத்தில் சிந்துகிறவருக்கு, "கொழம்பு எலைய தாண்டி வழியுது, கொறைங்க" என்று ஒரு வரி போகும். இருவர் இருவராகச் சேர்த்து, உனக்கு மேல் நிரை, உனக்குக் கீழ் நிரை என்று பிரித்து அனுப்புவார். போனவர் சரியான நிரைக்குத்தான் போனாரா என்று குமிழைத் திருகி ஒரு எட்டுப் பார்த்துவிட்டும் வருவார். யாரும் அவருக்குப் பதவி கொடுக்கவில்லை. சம்பளமும் கிடையாது. ஆனால் அவர் சொல்லுக்குக் கோலாலம்பூர் முதல் பினாங்குவரை கோடுகள் நகர்கின்றன.

யாராவது நகராமல் அடம்பிடித்தால் விசிலை எடுத்து ஊதிவிடுவார். அது எந்த அலைவரிசையிலும் போகாது. அடுப்படியில் இருக்கும் இராமையாதான் துள்ளி விழுவார். இராமையா அவர் கணவர். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகிற லோரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடையது. "வாரம் பூரா எல்லாப் பேரையும் நீயே கூப்புடுற. ஒம் பேர யாரு கூப்புடுறது?" என்று ஒருமுறை கேட்டார்.

"கங்காணி பேர எவன் கூப்புடுவான்? நீங்க கோழிய பாருங்க" என்றார் ரஞ்சிதம்.

இவ்வளவு திறமைசாலியிடம் ஒரு சின்ன நோய் உண்டு. அறிவிப்பு நோய். முதலில் பெரட்டு என்ற சொல்லும் ஒரு வரியும் மட்டும் இருந்தது. ஒருவர் அந்த அழைப்பு அலைவரிசையில், அதாவது பெரட்டுக் களத்தில், கதை பேசினார், அதற்கு ஒரு வரி சேர்ந்தது. இன்னொருவர் சக்தியைக் குறைக்கவில்லை, அதற்கு ஒன்று. ஏற்கெனவே ஆள் இருக்கிற இடத்தில் ஏறாதே, அடுத்தவர் முடிக்குமுன் தட்டாதே, வணக்கத்தை நீட்டி முழக்காதே என்று தவறு செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வரியை விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பெரட்டு அறிவிப்பு முழுவதும் போய் முடிவதற்குள் ஒரு குவளை மைலோவை ஆற்றிக் குடித்துவிடலாம் என்றாகிவிட்டது. பழகியவர்கள் அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகுதான் பெயர் கொடுப்பார்கள்.

இனி ஆண்டியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஞ்சிதத்தோடு ஒன்றாக உட்கார்ந்து ரேடியோ தேர்வு எழுதியவர். இதே தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வளைவுகளில் அவர் ஹார்ன் அடித்ததே இல்லை. தலையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுப்பார், எதிரே வருகிறவன் பேசாமல் பின்வாங்குவான். ரேடியோவிலும் மைக்தான், அதே குரல்தான். எழுத்து தட்டுகிற ரஞ்சிதத்தின் கூட்டத்தை 'ஊமைக் கூட்டம்' என்று கிண்டல் செய்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லெம்பா பெர்த்தாமில் மகள் ரூபினி வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அங்கே வெள்ளம் வந்து வீடுகளுக்குள் சேறு புகுந்த வருடத்தை ரூபினி நேரில் பார்த்தவள். அதனால் அப்பாவின் ரேடியோவுக்கு அலமாரியின் மேல் தட்டில்தான் இடம் கொடுத்தாள்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹேன்போன் அவருக்குப் பகையாகிப் போனது. பழைய சிநேகிதர்கள் பழக்கதோஷத்தில் பேசி அனுப்புவார்கள். சிலர் கூப்பிட்டுவிட்டு, மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுவார்கள். மனிதர் போனைத் தொடுவதை விட்டார். பல மாதம் கழித்து ஒருநாள், ரேடியோவைக் கணினியோடு இணைக்கிற கேபிள் வேண்டும் என்று மகளிடம் எழுதிக் காட்டினார். ரூபினிதான் இதை ரஞ்சிதத்திடம் சொன்னாள். "அதுல எவனுக்கும் தொண்டை கெடையாதாம் அத்தை. எல்லாரும் ஒண்ணுதானாம். அப்பா எழுதிக் காட்டுனாரு" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து ரஞ்சிதம் காத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அருவியில் ஒரு புதிய மெல்லிய கோடு விழுகிறதா என்று பார்ப்பார். ஆண்டியப்பன் அண்ணன் வரவில்லை. கேட்டால் மனசு நோகுமோ என்று பயந்து கேட்கவும் இல்லை. இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது, அவராக வரட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த நாள்களில் வேறொரு தொல்லை வந்தது. ஒரு ஞாயிறு, அவர் அறிவிப்பு போய் முடிந்து திரை மறுபடி உயிர்பெற்றபோது, களத்தின் நடுவில் தடித்த மஞ்சள் பட்டை ஒன்று கிடந்தது. எழுத்தில் வால் மட்டும் அகப்பட்டது: 'இருங்கண்ணே.' கையெழுத்தைப்போல் கோட்டையும் அடையாளம் காண்கிறவர் அல்லவா? பட்டை தர்மேந்திரனுடையது. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருப்பவர். பெரிய ஏரியல், தாராளமான சக்தி. கங்காணி பேசிக்கொண்டிருக்கும்போதே களத்தில் நின்று யாரிடமோ அண்ணே அண்ணே என்று அரட்டையா? ரஞ்சிதத்துக்குச் சுறுசுறுவென்று ஏறியது. 'திரிங்காப்பு, இது பெரட்டுக் களம், ஒங்க வீட்டு ஹால் இல்ல. நெரைக்குப் போ' என்று எல்லாரும் பார்க்கத் தட்டிவிட்டார். தர்மேந்திரன் உடனே மறைந்தார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. களம் துடைத்துவிட்டது போலிருந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ சுத்தம்" என்று இராமையாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அறிவிப்பிலும் ஒரு வரி கூடியது.

பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ரூபினி அவித்த சோளம் விற்கிறாள். ஒரு சனிக்கிழமை, கடைகளுக்கு இன்னும் விளக்குப் போடாத வேளையில் ரஞ்சிதம் அந்தப் பக்கம் போனார். ரூபினி வழக்கம்போல் சிரிக்கவில்லை.

"அத்தை, ரேடியோ செட்டு வாங்குற ஆளு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. அப்பா விக்கப் போறாராம்."

"எதுக்கு விக்கணும்? அவரு இன்னும் வரவே இல்லையே!"

ரூபினி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "வரலையா? வாரா வாரம் நா பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன் லா அத்தை. பெரட்டுன்னு வந்தவொடனே அப்பா 'இருக்கேன்'னு அடிச்சிடுறாரு. மொத வாரம் யாரோ ஒருத்தவங்க பதில் போட்டாங்க. அதுக்கப்புறம் எவனும் இல்ல. நீங்க எல்லார் பேரையும் கூப்புடுறீங்க, அப்பா பேரு மட்டும் வர்றதே இல்ல. நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டு வித்துடுன்னு எழுதிட்டாரு."

"வந்தவொடனேன்னா எப்ப? நா முழுசா அடிச்சி முடிச்சப்புறமா?"

"இல்ல அத்தை, அந்த மொத வார்த்தைக்கே. கொஞ்சம் பொறுங்கப்பான்னு நானும் சொன்னேன். 'பெரட்டுல கங்காணி வாயத் தொறந்தா ஆளு காத்துக்கிட்டு நிப்பானா'ன்னு எழுதுறாரு."

ரஞ்சிதத்துக்குக் காது இரண்டும் சுட்டது. ரேடியோவைத் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி: அனுப்பிக்கொண்டிருக்கும்போது செட்டுக்குக் காது கேட்காது. அவருடைய நீண்ட அறிவிப்பின் முதல் துண்டு போனதுமே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், தோட்டத்து மரியாதைப்படி, உடனே இருக்கேன் என்று பதில் கொடுத்திருக்கிறார். ரஞ்சிதத்தின் செட்டு அப்போது ஒழுங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அது பேசி முடித்துக் காதைத் திறக்கும்போது அண்ணன் பதில் சொல்லி முடித்துவிட்டு, தன் பெயர் கூப்பிடப்படும் என்று கைகட்டிக் காத்திருந்திருக்கிறார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அவருடைய சின்னச் செட்டு எட்டியிருக்காது. எட்டியது ஒரே ஒருவருக்கு. பக்கத்திலேயே இருந்த, பெரிய ஏரியல் வைத்திருந்த ஒருவருக்கு. அந்த 'இருங்கண்ணே' யாருக்குப் போனது என்று இப்போது புரிந்தது. மெலிந்த கோட்டுக்குத்தான் முதல் மரியாதை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், இருந்ததிலேயே மெலிந்த கோட்டைத் தானே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். கைகொடுத்த ஒருவரையும் விரட்டிவிட்டிருக்கிறார்.

"நா போயி அப்பாகிட்ட சொல்லிடவா அத்தை?"

"வேணாம்மா. நீ சொன்னா, பாவம்னு கூப்புட்டதா நெனைப்பாரு. அவரு அடிக்கட்டும், நா கேட்டுக்குறேன். நாளைக்கு மட்டும் செட்ட அலமாரிய வுட்டு எறக்காம பாத்துக்க."

சோளம் வாங்க மறந்து மோட்டார் சைக்கிளை எடுத்தார். நேராகத் திரிங்காப். பிளாஸ்டிக் கூரைக்குள் தர்மேந்திரன் சாமந்திச் செடிகளுக்கு மேலே கட்டிய விளக்குகளை ஒவ்வொன்றாக எரிய வைத்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தால் பூ அவசரப்பட்டு மலராது என்பது அவர் தொழில் ரகசியம். ரஞ்சிதத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆனால் வாங்க என்றும் சொல்லவில்லை.

"தம்பி, அன்னிக்கு களத்துல யார்கிட்ட பேசுன?"

"ஆண்டியப்பன் அண்ணன்கிட்ட. 'கேக்குது, கங்காணி கூப்புடும், இருங்கண்ணே'ன்னு போட்டேன். நெரைக்குப் போன்னு அடிச்சீங்க. போய்ட்டேன்."

"எந்த நெரைக்குப் போன?"

"இந்தா, இதுக்குத்தான்" என்று சாமந்தி வரிசையைக் காட்டினார் தர்மேந்திரன்.

ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டார். "எனக்கு அவரு கேக்கவே இல்ல தம்பி. நாந்தான் பேசிக்கிட்டே இருந்திருக்கேன். தப்பு எம்மேல, மன்னிச்சிக்க."

"கேக்கலையா? ஐயோ அக்கா! கேட்டுட்டு, முறை வர்றவரைக்கும் நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு லா நெனச்சேன்." தர்மேந்திரன் கடைசி விளக்கை அப்படியே விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

"நாளைக்கு வா. நா அண்ணனோட நெரைக்குப் போயிட்டா, களத்த நீ பாத்துக்கணும்."

தர்மேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க களத்த வுட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். இத்தனை வருடத்தில் ரஞ்சிதம் யாரோடும் நிரைக்குப் போய்ப் பேசியதே இல்லை.

மறுநாள் காலையில் மலை முழுவதும் மூடுபனி. எங்கோ இடி இருந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் பொரிகடலை வறுக்கிற மாதிரி இரைச்சல் கேட்டது. அருவியில் அன்று எப்போதையும்விடக் கூட்டம். ரஞ்சிதம் மைலோவைத் தொடவில்லை. கணினியில் சேமித்து வைத்திருந்த அறிவிப்பைத் திறந்து, கடைசி வரியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார். 'சக்தியைக் குறை' போயிற்று. 'கதை பேசாதே' போயிற்று. 'வணக்கத்தை நீட்டாதே' போயிற்று. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த இராமையாவிடம் நேற்றைய கதையை இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் இராமையா. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். மனைவியின் தோளில் கையை வைத்தார்.

"தவளன்னே வச்சிக்குங்க" என்றார் ரஞ்சிதம்.

திரையில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. பெரட்டு. அதை அனுப்பினார். அனுப்பி முடிந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், எங்கே பழக்கத்தில் எதையாவது தட்டிவிடுவோமோ என்று.

அப்போது அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. களம் காலியாகிவிட்டது. ஈப்போ ஆசிரியர், குவாந்தான்காரர், பினாங்குப் பிள்ளைகள் எல்லாரும் மீதி அறிவிப்புக்காக வழக்கம்போல் கைகட்டிக் காத்திருந்தார்கள். நீட்டி நீட்டிப் பேசிப் பழக்கியதில் விளைந்த ஒரே நன்மை அது. ஒரு கோடுகூட இல்லாத நீல அருவி வெறுமனே இறங்கியது. அதன் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, நூல்போல் ஒன்று விழத் தொடங்கியது.

முதல் துண்டில், உரிமத்தில் கொடுத்த ஆண்டியப்பனின் அழைப்புப் பெயர் வந்தது. அடுத்த துண்டுக்குள் இடி இரைச்சல் ஒன்று குறுக்கே விழுந்தது. போச்சு என்று இராமையா முனகினார். போகவில்லை. எழுத்துகள் வந்து நின்றன: 'இருக்கேன்.'

தொடைக்கு அடியிலிருந்து கைகளை உருவி, அன்றைய பெரட்டின் முதல் பெயராக ஆண்டியப்பனின் பெயரைக் கூப்பிட்டார். 'கேக்குது அண்ணே. இத்தினி வாரம் நாந்தான் செவிடு. வாங்க, நெரைக்குப் போவோம்' என்று தட்டி, நிரை எண்ணையும் கொடுத்தார். அது முடிந்ததும் களத்தின் நடுவில் ஒரு பட்டை விழுந்தது. தர்மேந்திரன் சக்தியைக் குறைத்திருந்தார். பட்டை முன்போல் தடித்திருக்கவில்லை. 'களம் எங்கிட்ட. போய்ட்டு வாங்க அக்கா' என்று வந்தது.

ரஞ்சிதம் குமிழைத் திருகினார். இரைச்சல் மாறியது. புதிய இடத்தில் ஒரு கோடும் இல்லை. அண்ணன் வழி தெரியாமல் நின்றுவிட்டாரோ, மறுபடி செட்டை அணைத்துவிட்டாரோ என்று திரையை நோக்கிக் குனிந்தார். கழுத்தில் விசில் இடிக்க, அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அந்த நூல் விழுந்தது. ஒற்றை விரலால் தட்டுகிற மனிதர், ஆனாலும் முந்திக்கொண்டார். ஒரு பெயரும் ஒரு கேள்விக்குறியும் மட்டும் திரையில் வந்தன.

'ரஞ்சிதம்?'

அடுப்படியில் கோழிக்கறி அடிபிடிக்கும் வாசனை வந்தது, இராமையா அசையவில்லை. ரஞ்சிதம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். முதுகை நிமிர்த்தி, வலக்கையைத் தோளுக்கு மேலே தூக்கினார். பிறகு நின்றபடியே குனிந்து, 'இருக்கேன்' என்று தட்டினார்.